நுரை கண்ணுக்குத் தெரிகிறது... மற்றது?

மழைக்காலத்தில் ஓசூர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். மதகைத் திறந்து தண்ணீர் கொட்டியதும் வெள்ளை வெளேரென்று நுரை கிளம்பும். ஆள் உயரத்துக்கு எழும்பும், சில நாள் அதற்கும் மேலே! காற்றடித்தால் பஞ்சுப் பொதி மாதிரி பறந்துபோய் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளிச் செடி மேல் உட்காரும். தரைப்பாலத்தை மூடிவிட்டால் ரோடு எது, ஆறு எது என்று தெரியாமல் டூவீலர்காரர்கள் திகைத்து நிற்பார்கள். குழந்தைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். “அப்பா, ஐஸ்கிரீம் மாதிரி இருக்குப்பா!”

போன மழைக்காலத்தில் நானும் அங்கே நின்றேன். பக்கத்தில் என் தங்கை, அவள் தோளில் 4 மாதக் குழந்தை. ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புது லே-அவுட்டில் வீடு கட்டிக் குடிபோயிருக்கிறாள். குடிநீர்க் குழாய் இன்னும் வரவில்லை. குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான்.

“அக்கா, எங்க போர் தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டோம். ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. நான் டியூட்டிக்குப் போற நேரத்துக்கு பாப்பாவுக்கு பவுடர் பால்தான். அந்தத் தண்ணியவே நல்லா கொதிக்க வெச்சு கலக்கித் தரச் சொல்லியிருக்கேன். சரிதானே?”

“என்ன டெஸ்ட் பண்ணினாங்க?”

“பேனா மாதிரி ஒண்ணை டம்ளர்ல விட்டாங்கக்கா. 340-னு காட்டுச்சு. 500-க்குள்ள இருந்தா ஓகேயாம்.”

உங்கள் வீட்டுக்கும் இந்தப் ‘பேனா’ வந்திருக்கலாம். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்பவர்கள் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள். அது காட்டுவது டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதெல்லாம் சரி. ஆனால் வீட்டில் ஒரு வேடிக்கை செய்து பாருங்களேன். ஒரு டம்ளர் தண்ணீரில் பேனாவை விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி மறுபடி பாருங்கள். எண் ஏறவே ஏறாது! ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், சட்டென்று எகிறும். ஏன்? பேனா அளப்பது தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதைத்தான். சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. பூச்சி மருந்தும் அப்படித்தான். ஈயம் கடத்தும். ஆனால் ஆபத்தான அளவு ஈயம் இருந்தாலும் 340 என்பது 340-ஆகவேதான் இருக்கும், அவ்வளவு கொஞ்சம் அது.

ஆக, “டெஸ்ட் பண்ணியாச்சு” என்று யார் சொன்னாலும், ஆற்றைப் பற்றிச் சொன்னாலும் சரி, உங்கள் வீட்டுப் போரைப் பற்றிச் சொன்னாலும் சரி, “எதற்கு டெஸ்ட் பண்ணினீர்கள்?” என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கேட்ட கேள்விக்குத்தான் தண்ணீர் பதில் சொல்லும். கேட்காததற்கு வாயே திறக்காது.

ஆற்றின் ஜாதகம்

நாம் பார்த்துக்கொண்டிருந்த ஆறு தென்பெண்ணை. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்பார்கள். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறமாக இறங்கி, கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை எல்லாம் தாண்டி, சுமார் 430 கிலோமீட்டர் நடந்து கடலூர் அருகே கடலில் சேர்கிறது.

பெங்களூர் ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். மேற்குப் பக்கத்துச் சாக்கடை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய் அப்புறம் காவிரியில் விழுகிறது. கிழக்குப் பக்கத்துச் சாக்கடை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளை நிரப்பிவிட்டுத் தென்பெண்ணைக்கு வருகிறது. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பெங்களூர்க்காரர்கள் குடிப்பது பெரும்பாலும் காவிரி. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்ப் போட்டு மேலே ஏற்றுகிறார்கள். அந்தக் காவிரி அங்கே குளித்து, துவைத்து, பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு, ஓசூருக்கு வரும்போது ‘தென்பெண்ணை’ என்று பெயர் மாற்றிக்கொண்டு வருகிறது!

பெல்லந்தூர் ஏரி நுரையில் தீப்பிடித்த செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2015 மே மாதம் நடந்தது. 2018 ஜனவரியில் மறுபடி பெரிய தீ. ராணுவ வீரர்கள் வந்து அணைக்க வேண்டியதாயிற்று. அதே வருஷம் டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஏரிகளைச் சுத்தம் செய்ய 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் எடுத்து வைக்கும்படி கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது.

எல்லாப் பழியையும் பெங்களூர் மேல் போட்டுவிட்டு நாம் கையைக் கழுவ முடியாது. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970-களில் வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், அவற்றுக்கான உதிரி பாகங்கள், முலாம் பூசும் பட்டறைகள் என்று வளர்ந்து, 2019-ல் ஊர் மாநகராட்சியாகவே ஆகிவிட்டது. இத்தனை பேர் வீட்டுச் சாக்கடையும் தாழ்வான பக்கம் பார்த்துத்தானே போகும்?

நுரையை எப்படி அளக்கிறார்கள்?

சோப்புத் தூளில் இருக்கும் பொருளுக்கு இரண்டு முனை. ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொன்றுக்கு எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்கும். அதனால்தான் சட்டைக் காலரின் அழுக்கை அது இழுத்துக்கொண்டு வருகிறது. இந்தப் பொருள் கலந்த தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலந்தால் நுரை பொங்கும். தேங்கி நின்றால் பொங்காது. எனவே நுரை இல்லாத நாளில் ஆறு சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மதகை மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

“இப்ப வர்ற சோப்புத் தூள் எல்லாம் மக்கிப் போயிடும்னு சொல்றாங்களே?” என்பீர்கள். உண்மைதான். 1950-களில் வந்த பழைய சோப்புத் தூள்கள் மக்காமல் ஐரோப்பிய ஆறுகளெல்லாம் நுரைத்தன. ஜெர்மனி 1961-லேயே இதற்குச் சட்டம் போட்டது. அதன் பிறகு மக்குகிற வகை வந்தது. ஆனால் அதை மக்க வைப்பவை பாக்டீரியாக்கள். அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். சாக்கடை நிரம்பி ஆக்சிஜன் செத்துப்போன ஏரியில் அந்த வேலை நடப்பதில்லை. மக்க வேண்டியது மக்காமலே ஓசூர் வரை பிரயாணம் செய்கிறது.

லேபில் இதை அளக்கும் முறை பார்க்க அழகாக இருக்கும். ஆற்றுத் தண்ணீரில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைச் சேர்ப்பார்கள். கூடவே குளோரோஃபார்ம். இது தண்ணீரோடு கலக்காமல் அடியில் தனியாக நிற்கும். சாயத்துக்குத் தனியாகக் குளோரோஃபார்முக்குள் போக முடியாது. சோப்புப் பொருள் கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் போகும்! எனவே குலுக்கி வைத்த பிறகு அடியில் எவ்வளவு நீலம் ஏறியிருக்கிறதோ, அவ்வளவு சோப்பு ஆற்றில் இருக்கிறது. குடிநீரில் இது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1 மில்லிகிராம் வரை.

நுரை வருகிற ஆற்றில் முதலில் பார்ப்பது ஆக்சிஜன். ஹங்கேரிக்காரரான விங்க்ளர் 1888-ல் கண்டுபிடித்த முறை இன்றும் இருக்கிறது. பாட்டிலில் பிடித்த உடனேயே, ஆற்றங்கரையிலேயே இரண்டு மருந்து விடுவார்கள். ஆக்சிஜன் இருந்தால் காபிப் பொடி நிறத்தில் படிவு இறங்கும். வெள்ளையாகவே இருந்தால் ஆக்சிஜன் இல்லை, அந்தத் தண்ணீரில் மீன் பிழைக்காது. 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தது நினைவிருக்கிறதா? அந்த ஏரித் தண்ணீரும் வழிந்தால் பெல்லந்தூர் பக்கம்தான்.

அடுத்தது பி.ஓ.டி. தண்ணீரில் உள்ள கழிவைத் தின்று தீர்க்க பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கு. வெள்ளைக்காரர்கள் ஊரில் 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். நம் ஊர் சீதோஷ்ணத்துக்கு 27 டிகிரியில் 3 நாள் போதும். குளிக்கத் தகுந்த ஆறு என்றால் இந்த எண் 3-க்கு மேல் போகக் கூடாது. நாடு முழுக்க 3-ஐத் தாண்டிய பகுதிகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கெடுத்தபோது 2018-ல் 351 இருந்தன, 2022-ல் 311.

இவையெல்லாம் ‘மொத்தக் கணக்கு’ டெஸ்ட்டுகள். ஆறு உடம்பு சரியில்லாமல் இருக்கிறது என்று சொல்லும், ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர் மாதிரி. டைஃபாய்டா, மலேரியாவா என்று தெர்மாமீட்டர் சொல்லுமா?

4 லாரித் தண்ணீரில் ஒரு சொட்டு

எந்த விஷம், எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ரொம்பச் சின்ன அளவுகளைத் தேட வேண்டும். எவ்வளவு சின்னது? ஒரு சொட்டு இங்க்கை 3 பிளாஸ்டிக் குடம் தண்ணீரில், அதாவது சுமார் 50 லிட்டரில் விட்டால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதே ஒரு சொட்டை 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 4-ல் கலந்தால் நூறு கோடியில் ஒரு பங்கு. குடிநீரில் பாதரசம் இருக்கலாம் என்று அனுமதித்திருக்கும் அளவு இதுதான், 4 லாரிக்கு ஒரு சொட்டுக் கணக்கு! ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் 10 சொட்டு, காட்மியத்துக்கு 3. மருந்து மாத்திரைகளின் மிச்சத்தை ஆற்றில் தேடுபவர்கள் இதற்கும் ஆயிரம் மடங்கு கீழே போகிறார்கள். ஒரு சொட்டு, 4,000 லாரி!

இவ்வளவு நுணுக்கமாகத் தேடும்போது பாட்டில்கூட எதிரியாகிவிடும். உலோகம் தேடுவதாக இருந்தால் ஆசிடில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும். பிடித்ததும் கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் விடுவார்கள். இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, ரிப்போர்ட்டில் “இல்லை” என்று வரும். பூச்சி மருந்து தேடுவதாக இருந்தால் நேர் எதிர்: பிளாஸ்டிக் ஆகாது, வெயில் படாத பழுப்புக் கண்ணாடி பாட்டில். சோப்பு தேடப் போகிறவர் பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவினால் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள்! எல்லாவற்றுக்கும் மேலாக, சுத்தமான தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் ஆற்றுக்குக் கூடவே எடுத்துப் போய்த் திறந்து மூடிக் கொண்டுவருவார்கள். அதிலும் அந்த விஷம் தெரிந்தால் தப்பு ஆற்றில் இல்லை, நம் கையில்.

எங்கே பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். கரையோரம் தேங்கியதைப் பிடிக்கக் கூடாது. ஓடுகிற நடு ஆற்றில், மேல்மட்டத்துக்கு ஒரு அடி கீழே, ஓட்டத்தை எதிர்த்து பாட்டிலைக் காட்ட வேண்டும். நுரையை அள்ளிப் போட்டால் எண் பயங்கரமாக வரும். தண்ணீரில் கொஞ்சமாக இருப்பதை எல்லாம் நுரை சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால்தான் குழந்தைகளை அதில் விளையாட விட வேண்டாம் என்கிறேன். ஆனால் அந்த எண் ஆற்றின் எண் ஆகாது.

நேரம்? நாள் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு நடுராத்திரியில் யாராவது கழிவைத் திறந்துவிட்டால், காலை 11 மணிக்கு ஜீப்பில் வந்து பிடித்த பாட்டிலில் அது அகப்படாது. அதனால்தான் மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்க்கும் கருவிகள் உண்டு. அதைவிடக் கெட்டிக்கார சாட்சி ஆற்றின் அடியில் கிடக்கும் வண்டல். உலோகங்கள் அதில் போய்ப் படிந்துவிடும். தண்ணீர் நேற்றைய கதையைச் சொன்னால், வண்டல் பத்து வருஷக் கதையைச் சொல்லும். நிர்வாகங்கள் வண்டலையும் அணை மீனையும் அடிக்கடி சோதித்து ஜனங்களுக்குச் சொல்லலாம். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. நுரை டி.வி.யில் வந்தால்தான் பாட்டிலோடு ஓடுகிறார்கள்.

ஃபில்டர் காபியும் ஆறும்

லேபுக்கு வந்த தண்ணீரை அப்படியே மெஷினில் விட முடியாது. 1 லிட்டரை ஒரு சின்னக் குப்பி வழியாக வடிப்பார்கள். அதில் ஒரு விசேஷப் பொடி இருக்கும். நம் காபி ஃபில்டரில் சாரம் கீழே இறங்கும், பொடி மேலே நிற்கும். இங்கே தலைகீழ். தண்ணீர் இறங்கிவிடும், சாரம் பொடியில் மாட்டிக்கொள்ளும். பிறகு சில சொட்டு மெத்தனால் விட்டு அதைக் கழுவி எடுத்தால், ஒரு லிட்டரில் இருந்தது அரை ஸ்பூனுக்குள் வந்துவிடும். அப்புறம் அதைத் தலைமுடி போல மெல்லிய, 30 மீட்டர் நீளக் குழாயில் ஓட விடுவார்கள். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் ஓடிக் கடைசியில் தனித்தனியாக வெளியே வரும். வாசலில் நிற்கும் கருவி ஒவ்வொன்றையும் உடைத்து, துண்டுகளை எடை போடும். துண்டுகளின் எடைதான் அந்தப் பொருளின் கைரேகை. மருந்து மாத்திரைகள் என்றால் குழாயில் வாயுவுக்குப் பதில் திரவம் ஓடும். ஈயம், குரோமியம் மாதிரி உலோகங்களுக்கு வேறு மெஷின்: சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஜுவாலையில் தண்ணீரைப் பீய்ச்சி அணு அணுவாக்கி எண்ணும்.

இப்படித் தேடினால் ஆறு என்னென்னவோ உளறும்! 2005-ல் இத்தாலியில் போ நதியைச் சோதித்தார்கள். கொக்கெய்ன் போதைப் பொருள் சிறுநீர் வழியாக வெளியேறிய மிச்சம், தினம் சுமார் 4 கிலோ கொக்கெய்னுக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்ததாம். 2007-ல் வெளிவந்த ஸ்வீடன் விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி நமக்கு இன்னும் பக்கம். ஹைதராபாத் அருகே படான்சேருவில், மருந்துக் கம்பெனிகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விடும் நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. நீங்கள் கேள்விப்பட்ட அதே ஆன்டிபயாடிக்தான். இப்படி மருந்திலேயே ஊறி வளரும் கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காமல் போவதுதான் டாக்டர்களின் கவலை.

2022-ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் தலைமையில் 104 நாடுகளில் 258 ஆறுகளைச் சோதித்த முடிவு வந்தது. அதிகமான இடங்களில் அகப்பட்ட மூன்று எவை தெரியுமா? வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபின், சர்க்கரை வியாதிக்கான மெட்ஃபார்மின், அப்புறம்... காபியில் இருக்கும் கஃபீன்!

கஃபீன் நமக்கு விஷம் இல்லை, துப்பறிவாளர். ஒழுங்காக வேலை செய்யும் சுத்திகரிப்பு நிலையம் கஃபீனைப் பெரும்பாலும் அழித்துவிடும். ஆற்றில் அது நிறைய இருந்தால், சுத்தம் செய்யாத வீட்டுச் சாக்கடை நேராக வந்து விழுகிறது என்று அர்த்தம். கார்பமசெபின் லேசில் அழியாது. அது இருந்தால், சுத்திகரித்ததோ சுத்திகரிக்காததோ, மனிதர்களின் கழிவுநீர் வந்திருக்கிறது. நுரை மட்டும் பார்த்து “உன் ஊர் அழுக்கு, என் ஊர் அழுக்கு” என்று இரண்டு மாநிலமும் சண்டை போடுவதைவிட, எல்லையில் கொடியாளத்தில் ஒரு பாட்டில், அணைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, கிருஷ்ணகிரி அணையில் ஒன்று என்று ஒரே நாளில் பிடித்து இவற்றையும் தேடினால், எது எங்கே சேர்கிறது என்று தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டிலும் இந்தத் தேடல் நடந்திருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் சோப்பு, டூத்பேஸ்ட்டில் கலக்கும் டிரைக்ளோசானையும் வலி மாத்திரைகளின் மிச்சத்தையும் கண்டு 2011-லும் 2014-லும் வெளியிட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி. குழு காவிரியை 22 இடங்களில் 2 வருஷம் தொடர்ந்து பார்த்து 2021-ல் முடிவைச் சொன்னது: மருந்துகள், பூச்சி மருந்து, ஆர்சனிக், குரோமியம், ஈயம், நிக்கல் எல்லாம் இருந்தன. ஓசூர்க்காரர்களுக்கு இதில் சம்பந்தம் உண்டு. 2013-லிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருவது காவிரிதானே! அந்தத் திட்டம் வந்த காரணமே வேறு ஒரு டெஸ்ட். இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்பு, எலும்பில் வலி. நல்ல ரிப்போர்ட் ஒன்று ஒரு ஆற்றையே குழாயில் கூட்டிக்கொண்டு வந்தது.

பயந்துவிடாதீர்கள். “இருக்கிறது” என்பதும் “கெடுதல் செய்யும் அளவு இருக்கிறது” என்பதும் ஒன்றல்ல. 4,000 லாரிக்கு ஒரு சொட்டு வலி மாத்திரை உங்களை ஒன்றும் செய்துவிடாது. அதே சமயம் ரிப்போர்ட்டில் ‘கண்டறியும் அளவுக்குக் கீழே’ என்று போட்டிருந்தால் அதைப் பூஜ்யம் என்று படிக்காதீர்கள். அந்த மெஷினின் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மெஷினின் பார்வை அனுமதி அளவைவிட மங்கலாக இருந்தால் அந்த வரியே வீண்.

பாப்பாவுக்கு என்ன ஆயிற்று?

தங்கை வீட்டுக்கு வருகிறேன். அவள் பயந்தது ஆற்றின் நுரையைப் பார்த்து. நான் பயந்தது குழந்தையின் வயதைக் கேட்டு.

1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காம்லி என்ற டாக்டர், கிணற்றுத் தண்ணீரில் கலந்த பால் குடித்த கைக்குழந்தைகள் நீலம் பாரித்துப் போவதைக் கவனித்து எழுதினார். காரணம், தண்ணீரில் இருந்த நைட்ரேட். சாக்கடை, செப்டிக் டேங்க், மாட்டுத் தொழுவம், யூரியா, இவற்றிலிருந்து நிலத்தடிக்கு இறங்குவது. கைக்குழந்தையின் வயிற்றில் இது நைட்ரைட்டாக மாறி, ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் செய்துவிடும். பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். குடிநீரில் அனுமதி 45 மில்லிகிராம். இதில் “வேறு வழி இல்லாவிட்டால்” என்ற சலுகையே கிடையாது. நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசி இல்லை. பேனா தனியாகக் காட்டாது. கொதிக்க வைத்தால்? கிருமி சாகும், ஆனால் தண்ணீர் ஆவியாகக் குறைய, மிச்சத்தில் நைட்ரேட் இன்னும் கெட்டியாகும்!

மறுநாளே மோட்டாரை 5 நிமிஷம் ஓட விட்டு, லேபில் கொடுத்த பாட்டிலில் பிடித்து அனுப்பினோம். கிருமிப் பரிசோதனைக்கு சுத்திகரித்த தனி பாட்டில். ரிப்போர்ட் வந்தது. டி.டி.எஸ். நல்ல பிள்ளை. ஈயம், குரோமியம் பயப்படும்படி இல்லை. நைட்ரேட் 45-க்கு மேலே! கூடவே மலக் கிருமியும் இருந்தது. ஆற்றைத் திட்டிக்கொண்டிருந்த தங்கை வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் போய் அளந்து பார்த்தார். போருக்கும் அவர்கள் வீட்டு செப்டிக் டேங்குக்கும் நடுவில் 20 அடிகூட இல்லை.

ஆறு நிரபராதி என்று நான் சொல்லவில்லை. கெலவரப்பள்ளி பாசனம் சுமார் 8,000 ஏக்கர். அந்தத் தண்ணீரில் விளையும் கீரைக்கும் கோஸுக்கும் காட்மியம் மாதிரி உலோகங்களை உறிஞ்சும் குணம் உண்டு. கழுவினால் மண் போகும், உள்ளே ஏறியது போகாது. அதற்குக் காய்கறியையும் வண்டலையும் சோதிப்பதுதான் வழி, அதை அரசு செய்ய வேண்டும். நம் பங்குக்கு, துணி துவைக்கப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தூள் கொட்ட வேண்டியதில்லை. மிச்ச மாத்திரை, சிரப்பை வாஷ்பேசினில் ஊற்ற வேண்டாம். கேரளத்தில் 2025-ல் இவற்றை வீடுகளிலிருந்தே திரும்பச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். இங்கே அப்படி வரும்வரை, காபிச் சக்கையோடு கலந்து கவரில் கட்டிக் குப்பையில் போடுவது மேல்.

வீட்டில் போர் இருக்கிறதா? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் உண்டு. குறைந்த கட்டணம்தான். “தண்ணி டெஸ்ட்” என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். “ஃப்ளோரைடு, நைட்ரேட், மலக் கிருமி பார்க்கணும்” என்று கேளுங்கள். பக்கத்தில் முலாம் பட்டறை, பாட்டரிப் பட்டறை இருந்தால் குரோமியம், நிக்கல், ஈயமும் எங்கே பார்ப்பார்கள் என்று விசாரியுங்கள். கோடையில் ஒரு தரம், மழை முடிந்து ஒரு தரம். மெஷின் வாங்குவதை ரிப்போர்ட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அல்ட்ரா வயலட் மெஷின் கிருமியை மட்டும்தான் கொல்லும். நைட்ரேட், ஃப்ளோரைடு, உலோகம் என்றால் ஆர்.ஓ. வேண்டும், அதுவும் ஃபில்டரைக் காலத்தில் மாற்றினால்தான். உதடும் நகமும் நீலமாகத் தெரிந்தால் மட்டும் எதையும் யோசிக்காமல் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். அம்மா பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகத் தங்கை பழகிக்கொண்டுவிட்டாள், பவுடர் பால் பாதியாகக் குறைந்தது. அதற்கான தண்ணீரை, டியூட்டி முடிந்து வரும்போது அவள் வீட்டுக்காரர் டவுனில் நண்பர் வீட்டுக் குழாயிலிருந்து 2 கேனில் பிடித்து வருகிறார், ஒகேனக்கல் தண்ணீர். போன வாரம் போன் பண்ணினாள்.

“அக்கா, அந்தத் தண்ணியையும் ஒரு பாட்டில் டெஸ்ட்டுக்குக் குடுத்துடட்டுமா?”

“குடு. எதுக்குப் பார்க்கணும்னு எழுதிக் குடு” என்றேன்.